பத்து வருச உத்தரவாதம்

கிராபிக்ஸ் கார்டுக்கு எண்ணூறு பிராங்க் எண்ணிக் கொடுத்தவன்
பவர் சப்ளைக்கு முப்பதோடு கையை மூடிக்கொண்டேன்.
மூன்றாம் நாள், கடைசி அரக்கன்
அரை உயிரில் நிற்கையில்
டப்.
கருவாடு கருகிய மணம்.
நாலு மாடிக்கும் இருட்டு.

நிலவறையில், பியூஸ் பெட்டி முன்னே
ஏஷ்லிமான் சீமாட்டி.
அவர் துவைக்கும் நாளாம் இன்று,
போர்வை பாதி நுரையில் நிற்கிறதாம்.
என் வியாழக்கிழமையை அவருக்குக் கொடுத்தேன்.

பீல் ரயிலடிக் கடையில் இம்முறை
தூக்கிப் பார்த்தே எடுத்தேன்:
குறைமாதப் பிள்ளைக் கனம்,
எழுநூற்றைம்பது வாட்.
"பத்து வருசம் உத்தரவாதம்" என்றான் ரெட்டோ.
அதுவரை இங்கே இருப்பாயா என்று
அவன் கேட்கவில்லை.

வருசா வருசம் புதுப்பிக்கிற
வதிவிட அட்டையின் உறைக்குள்ளேயே
பற்றுச்சீட்டையும் செருகினேன்.

விசிறி சுற்றுகிற சத்தமே இல்லை.
பின்னால் கைவைத்துப் பார்த்தேன்.
இளஞ்சூடாய்க் காற்று.