ஐஸ் எவ்வளவு நேரம் தாங்கும்

உட்துறைமுக வீதியில்
விமான டிக்கற் போடும் எங்கள் கடைக்குள்
மீன்பெட்டியோடு வந்த முதல் ஆள்
திருக்கடலூர் யோக்கின்.

றெஜிபோம் பெட்டி. மூடியில் காய்ந்த செதில்.
"பிள்ளை, சீனன்குடாவிலயிருந்து
இந்த ஊர் எவ்வளவு தூரம்?"
துண்டில் துரொம்சோ என்று இருந்தது.
அவருக்கும் அது வாயில் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

கணினி கோடு கீறியது.
நேர்கோடு இல்லை,
பாரை கொழுவின தூண்டில்கம்புபோல்
வடக்கே வளைந்த கோடு.
எட்டாயிரத்து எண்பது கிலோமீற்றர்.
நிற்காமல் பறந்தால் ஒன்பது மணித்தியாலம்.

கிலோமீற்றர் அவருக்குப் பிடிபடாது.
கடல்மைலில் கேட்டார், சொன்னேன்.
தன் எஞ்சின் ஓடுகிற ஓட்டத்துக்கு
விரல் மடக்கிப் பார்த்தார்.
"இருபத்தாறு நாள். எண்ணெய்க் காசு கட்டாது.
ஒன்பது மணித்தியாலம் எண்டால் பரவாயில்லை,
ஐஸ் தாங்கும்."

தாங்காது என்று சொல்வதுதான் என் சம்பளம்.
சீனன்குடாவில் ஓடுபாதை இருக்கிறது ஐயா,
சின்ன விமானங்கள் குடாவைச் சுற்றிச் சுற்றி
அங்கேயே இறங்குகின்றன.
நீங்கள் கட்டுநாயக்காவுக்கு
இரவு பஸ் எடுக்கவேணும், ஏழு மணித்தியாலம்.
அங்கே காவல் நாலு.
டோகா ஐந்து. டோகாவில் கதிரையில் ஆறு.
ஒஸ்லோ ஏழு. அதற்குப் பிறகு மூன்று,
அதற்கும் பிறகு இரண்டு.

நான் கூட்டமுதல் அவர் சொன்னார்:
"முப்பத்து நாலு."
கொஞ்சம் பொறுத்து,
"சூடைமீன் அவ்வளவு நேரம் நிக்காது."

தம்பி பவுலீன் அங்கே மீன் தொழிற்சாலையில்
இருபத்தொன்பது வருசம்
பனிக்குள் நின்று மீன் வெட்டினவன்.
இப்போது ஆஸ்பத்திரி.
போனில் சூடை கேட்டானாம்.
"விழுங்க ஏலாது அவனுக்கு. மணக்கட்டும் எண்டு."

கருவாடாகக் கொண்டுபோகலாமே என்று
சொல்ல வாய் எடுத்தேன்.
சுங்கம் ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன்.

வாசலில் நின்ற மான் தலையை நீட்டி
மேசை விளிம்பிலிருந்த துண்டை இழுத்தது.
எட்டாயிரத்து எண்பதை மென்றது.
இந்த ஊரில் மானை யாரும் விரட்டுவதில்லை.

"திரும்பி வாறதுக்கு?"
வரும்போது கொஞ்சம் குறைவு ஐயா,
மேலே காற்று மேற்கிலிருந்து அடிக்கும்.
ஒரு அரை மணித்தியாலம் மிச்சம் பிடிக்கலாம்.
சோளகத்தில் ஓடினவருக்கு
அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"வரேக்க பெட்டி பெரிசா இருந்தால்?"
முப்பது கிலோ வரைக்கும் விடுவார்கள், என்றேன்.
கூடினால் கிலோவுக்கு இவ்வளவு என்று
அட்டவணையைத் திருப்பிக் காட்டினேன்.
அவர் அதைப் பார்க்கவில்லை.
கையை நெஞ்சுமட்டத்தில் வைத்து
நீளம் ஒன்றைக் காட்டிக்கொண்டு நின்றார்.

திரும்பும் திகதிக் கட்டத்தை
வெறுமையாக விட முடியாது, சிஸ்டம் கேட்கும்.
ஏதோ ஒரு புதன்கிழமை போட்டேன்.
மாற்றலாம், கட்டணம் வரும் என்றேன்.
தலையாட்டினார்.

பெட்டியைத் தூக்கினார். வெறும் பெட்டி.
ஐஸ் இன்னும் வாங்கவே இல்லை.