ஐம்பது கிராம்

நினைவு மலர்க் குழு என்னிடம் கேட்டது
திலகமணி மிஸ்ஸைப் பற்றி ஒரு கவிதை,
ஒரு பக்கத்துக்குள், வெள்ளிக்கிழமைக்கு முதல்.
நாற்பது வரி எழுதினேன்.
‘இலக்கியத் தாய்’ என்று தொடங்கியது.

கல்முனைத் தபாற்கந்தோரில்
முத்திரை விற்றவ. பிள்ளைகுட்டி இல்லை.
தாயென்று யாரும் மேடையில் சொன்னால்
“எந்தப் பிள்ளைக்கு?” என்று கேட்கிறவ.
வெட்டினேன்.

இருபத்திரண்டு வருசம், நாற்பத்தொரு இதழ்.
பேர் ‘தோணா.’
ஐம்பது கிராமைத் தாண்டினால்
இரட்டை முத்திரை; சம்பளம் தாங்காது.
அச்சுக்குப் போக முதல்
வெறுந்தாளை மடித்துத் தைத்து
கந்தோர்த் தராசில் வைத்து
முள்ளைப் பார்ப்பா.
இருபத்தெட்டுப் பக்கம். அதற்குள்ளே
கிழக்கு முழுக்க அடங்க வேணும்.
அடைமொழிக்கும் தபாற்கூலி உண்டு
என்பதுதான் அவவின் இலக்கணம்.

எனக்கு வந்த முதல் அஞ்சலட்டை, சிவப்பு மையில்:
“முஹ்சீன், மூன்றாம் வரியோடு கவிதை முடிந்துவிட்டது.
மிச்சம் நீங்கள்.”
இரண்டாவது:
“மாரியில் வாய் வெட்டாவிட்டால்
தோணா வீட்டுக்குள் வரும். வெட்டி அனுப்புங்கள்.”
மூன்றாவதை வாசிக்காமலே கிழித்தேன்.
ஒரு வருசம், சந்தையில் கண்டும் காணாமல் போனேன்.

பிறகு தொண்ணூறு.
பாண்டிருப்புக்கும் மருதமுனைக்கும் நடுவே
ஒரு தெருவின் அகலம்.
அதற்குக் குறுக்கே இரு பக்கமும் மரம் தறித்துப் போட்டார்கள்.
என் காக்காவைப் பற்றி ஏழு வரி.
ரொட்டி லொறிக்காரன்
மா மூட்டைக்குள் வைத்துக் கொண்டுபோனான்.

பத்தொன்பதாம் இதழ், பதினான்காம் பக்கம்:
மேலே என் காக்கா,
கீழே துறைநீலாவணையில் ஒருத்தியின் மகன்.
நடுவில் ஒரு கோடுகூட இல்லை.
கொன்றது யாரென்று இரண்டிலும் இல்லை;
அதுதான் இரு பக்கத்துக்கும் பொறுக்கவில்லை.
வந்து கேட்டார்கள்,
முதலில் இவர்கள், பிறகு அவர்கள்,
துவக்கைச் சுவரில் சாத்திவிட்டு.
“எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்கோ,
அடுத்த இதழில் திருத்தம் போடுவன்”
என்று சொன்னாவாம்.

இந்த இடத்தில் ‘வீரம்’ என்று எழுதியிருந்தேன்.
அன்றைக்குக் கை நடுங்கி
முப்பது பிரதியில் முத்திரை தலைகீழாய் ஒட்டுப்பட்டதை
அவவே சொன்னவ.
அதையும் வெட்டினேன்.

மிச்சப் பிரதிகள்
இரண்டாயிரத்து நாலு மார்கழியில்
அலுமாரியோடு போயின.
அலை முகவரி பார்ப்பதில்லை.
என்னிடம் பத்தொன்பது மட்டும் இருக்கிறது.
மிஸ்ஸுக்காக அல்ல,
என் பேர் அதில் கிடந்ததால் வைத்திருந்தேன்.

மலர் வந்தது. மினுங்கும் தாள்.
அவவைக் கண்டறியாத ஒரு அமைச்சரின் ஆசிச்செய்தி.
மூன்று பேர் ‘தாய்’ என்றிருந்தார்கள்.
எனக்குக் கடைசியில் மிஞ்சியது ஆறு வரி;
இடம் வீணாகுமென்று
கீழே நகைக்கடை விளம்பரம்.

கனடாவுக்கு ஒரு பிரதி அனுப்ப
அதே கந்தோருக்குப் போனேன்.
மின்தராசுக்குப் பின்னால்
பழசு தூசியோடு இருந்தது.
கேட்டு வாங்கி வைத்துப் பார்த்தேன்.
அறுநூற்று நாற்பது.

என் பக்கத்தைக் கிழித்தெடுத்து
திரும்ப வைத்தேன்.
முள் அசையவில்லை.

அவ பார்த்திருந்தால்
அசைந்திருக்கும்.