எண்ணூற்று எண்பது

முனிராஜு கொண்டுவந்து வைக்கும்போது
பெல்லந்தூர் ஏரி ஒரு லிட்டர்தான்.
மூடியில் கறுப்பு மை: தெற்குக் கரை, காலை 6.40.

வடிகட்டிவிட்டால் சும்மா தண்ணீர்.
கண்ணுக்கு ஒன்றுமில்லை.
மாலிப்டேட் விட்டு, வைட்டமின் சி விட்டு
இருபது நிமிடம்.
மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள்.
நான் போகமாட்டேன்.
நீலம் வருவதைப் பார்க்கவேண்டும் எனக்கு,
முதலில் ஒரு சந்தேகம்போல,
பிறகு பேனா கசிந்த சட்டைப்பைபோல.

எவ்வளவு அழகோ அவ்வளவு கெட்ட செய்தி.

முதலில் வெற்றுக் குப்பி.
ஏரி மட்டும் இல்லை, மற்றதெல்லாம் உண்டு.
‘இதுதான் ஒன்றுமில்லாதது, நம்பு’ என்று
இயந்திரத்துக்குச் சொல்லிவைக்கிறேன்.
நம்பிவிடும். பூஜ்யம்.

அப்புறம் ஏரி.
எண்ணூற்று எண்பது நானோமீட்டர் ஒளி
இந்தப் பக்கம் நுழைகிறது.
சிவப்புக்கும் அப்பால், என் கண்ணுக்கு எட்டாத ஒளி.
நான் ரசித்த நீலத்தை அது பார்ப்பதேயில்லை.
போனதில் எவ்வளவு திரும்பி வரவில்லை,
அந்தப் பக்கம் அதுதான் கேள்வி.

2.9 என்றது.
நம்பக்கூடாத எண்.
அத்தனை இருட்டில் கோடு வளைந்துவிடும்,
மூன்று பங்கும் ஐந்து பங்கும் ஒரே மாதிரி தெரியும்.
ஏரியைப் பத்தில் ஒன்றாக நீர்த்து
முதலிலிருந்து, இன்னொரு இருபது நிமிடம்.

0.44.
குப்பியை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தால்
தெளிந்த முகத்தில் என் கட்டைவிரல்.
தண்ணீருக்குள் இருப்பது எது
பிடித்தவளிடமிருந்து ஒட்டியது எது,
ஒளிக்குத் தெரியாது.
துடைத்தேன். 0.41.
லிட்டருக்கு ஆறு மில்லிகிராம் என்று எழுதினேன்.

இங்கே குப்பிகளுக்குச் சோப்பு ஆகாது.
அமிலத்தில்தான் ஊறும்.
சோப்பிலும் பாஸ்பேட், ஒரு துளி மிச்சமிருந்தால்
ஏரியின் பேரில் பொய் எழுதிவிடுவோம்,
வந்த முதல் நாளே சுப்ரீதா மேடம் கத்தியது.

ஈஜிபுரா, நாலாவது கிராஸ், இரவு ஒன்பதரை.
வெள்ளைக் கோட்டை வாளியில் அமுக்குகிறேன்.
இரண்டு கரண்டி தூள்.
காலருக்கு இன்னும் அரை.
நுரை குளியலறை ஓட்டையில் கொஞ்சம் தயங்கி
சிலாப்புக்கு அடியில் போகிறது,
அங்கிருந்து ராஜகாலுவே,
அங்கிருந்து தெற்குக் கரையோ வடக்கோ.

நாளை முனிராஜு குனிந்து மொள்வதில்
எத்தனை மில்லிகிராம் நான் என்று
எந்த அலைநீளத்திலும் கேட்கமுடியாது.

கோட்டைப் பிழிந்து கொடியில் போட்டேன்.
மழை வரும்போல.
காயாவிட்டால் ஈரத்தோடுதான் போகவேண்டும்.