ஒரு கிணறு, இரண்டு பாட்டில்

பாலக்கோடு. தண்ணீர்ப் பரிசோதனை அறை.
ஃபேன் ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே
தக்காளி லாரிகள் மட்டும் ஓடுகின்றன.

ஒவ்வொரு பாட்டிலுக்கும் நான்கு விவரம்:
ஊராட்சி, குக்கிராமம், கிணற்று எண்,
எடுத்த வேளை.
நான்கும் ஒத்துப்போனால் கணினி ஏற்காது.
முதலாமாண்டில் இதையேதான் படித்தேன்,
எலக்ட்ரானை வைத்து.
அப்போது பதினெட்டு மார்க்.

இன்று மாதப்பனும் திம்மராயனும் வந்தார்கள்,
அண்ணன் தம்பி. நிலம் பிரிந்தாயிற்று,
கிணறு பொது.
ஆளுக்கொரு பாட்டில், ஆளுக்கொரு பெஞ்சு.
முதல் மூன்றும் அச்சாக அதே.
"எப்ப புடிச்சீங்க?"
ஒருவருக்குப் பகல் கரண்ட்,
ஒருவருக்கு ராத்திரி.
ஒன்று மேல் அம்பு, ஒன்று கீழ் அம்பு.
கணினி வாயை மூடிக்கொண்டது.

பத்திரத்தில் சரிபாதி.
அண்ணன் மோட்டார் ஏழரை, தம்பியுடையது மூன்று.
தண்ணீருக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது.
ஹைட்ரஜனும் ஃபுளோரினும்
பங்கு வைத்த ஜோடியும் அப்படித்தான்:
நடுவில் ஒரு நேர்கோடு போட்டுக் காட்டுவார்கள்,
மேகமெல்லாம் ஒரே பக்கம்.
இழுத்ததன் தலையில் டெல்டா மைனஸ்,
இழந்ததன் தலையில் டெல்டா பிளஸ்.

டெல்டா என்றால் எனக்குத் தஞ்சாவூர்.
ஒகேனக்கல்லில் விழுந்து
நம் ஓரமாகவே நடந்து
அங்கே போய் நெல்லாகும் ஆறு.
நமக்குப் பாறைதான்.

ஃபுளோரினுக்கு ஒன்பது.
உள்ளே இரண்டு, வெளியே ஏழு,
அந்த ஒரு குறைக்காக
யார் வீட்டிலும் கை வைக்கும் என்றது புத்தகம்.
இந்தத் தண்ணீரில் இருப்பதோ
எட்டும் நிரம்பியது.
பாறைக்குள்ளேயே பசி தீர்ந்தது,
நியான் மாதிரி சும்மா கிடக்கலாம்.
கிடக்கவில்லை.
வாங்கிய ஒன்று மைனஸாக ஒட்டிக்கொள்ள
கால்சியத்தைத் தேடி வருகிறது,
பிள்ளைகளின் ஈறுக்குள்
பல் இன்னும் வெளிவராத வயதில்.

சிவப்புச் சாயம் விட்டேன்.
இரண்டு குடுவையும் ஒரே மாதிரி வெளுத்தன.
இரண்டு புள்ளி எட்டு.
இரண்டு புள்ளி எட்டு.
ஒன்றரை தாண்டினாலே குடிக்க ஆகாது.

"எவன்து அதிகம்?" என்றார் அண்ணன்.
"ரெண்டும் ஒண்ணுதாங்க."
தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அண்ணனுக்கும்.
மேல்வரிசையில் இருவருக்கும்
அதே பழுப்புக் கோடு, அதே உயரத்தில்.

நான் உதடு பிரிக்காமல் ரசீது அடித்தேன்.
எங்கள் அள்ளியின் பள்ளிக்கூடக் குழாயில்
ஐந்து வருஷம் வாய் வைத்துக் குடித்தவள்.

"பில்லு தனித்தனியா போடும்மா" என்றார் அண்ணன்.