எண்ணிக்கை

பாலக்காட்டுக்கு மாற்றல். ரயில்வே கணக்குப் பிரிவு.
வீடு டவுனுக்குள்தான் வேண்டும் என்றேன்.
"ஒற்றய்க்கோ?" என்றார் புரோக்கர் ரஷீது.
அந்த ஓகாரத்தில் ஒரு தெருவே எட்டிப் பார்த்தது.

ஸ்டேடியம் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினொரு மாடி.
லிஃப்டின் மூன்று பக்கமும் கண்ணாடி,
ஒன்றிலும் நான் குடியிருப்பவள் போலில்லை.
பால்கனியிலிருந்து கோட்டை தெரியும் என்றார்.
தெரிந்தது.
குழாயைத் திறந்தேன், இருமியது.

அடுத்ததில், அசோசியேஷன் செயலாளர்
கணவர் பெயர் எழுதும் கட்டத்தை விரலால் தொட்டார்.
கோடு போட்டேன்.
கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்,
அது ஏதாவது சொல்லும் என்பதுபோல.

மூன்று மணிக்கு வாளையார்ப் பக்கமிருந்து காற்று.
நம் மார்கழிதான், இங்கே தனு.
ரஷீதின் ரசீதுகளைக் கலைத்து,
யாருடைய லுங்கியையோ மின்கம்பத்துக்கு உடுத்திவிட்டு
எங்களைச் சுல்தான்பேட்டை வரை தள்ளிக்கொண்டு போனது.

பழைய கட்டிடம். நாலாம் மாடி. லிஃப்ட் பழுது,
எப்போதிலிருந்து என்று யாரும் சொல்லவில்லை.
வாட்ச்மேன் மேசையில் ஒரு பெயின்ட் டப்பா
நிறையத் துணிக் கிளிப்புகள்:
பச்சை, வெயிலில் வெளுத்த பச்சை,
கால் ஒடிந்து நூல் சுற்றிய ஒன்று.
"காற்றில் விழும். பொறுக்கி வைப்பேன்,
சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார்கள்"
என்றார் அப்புக்குட்டன், பாதித் தமிழில்.
யாருடையது எது என்று எப்படித் தெரியும்?
"தெரியாது.
எத்தனை விழுந்ததோ அத்தனை எடுத்தால் போதும்."

ரஷீது மறுபடி கோட்டையை ஆரம்பித்தார்.
நான் அட்வான்ஸை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் ஒரு டஜன் கிளிப் வாங்கினேன்.
என்ன நிறம் வேண்டும் என்று கடைக்காரர் கேட்டபோது
பஸ் வந்துவிட்டது.