மஞ்சள் மாறாத குழிகள்

கபோஸ் லேனில், மூன்றாம் தடவை,
கால் கிலோ வெனிவெல்.
பில்லில் தாவரப் பெயர் வேண்டும் என்கிறது கணக்குப் பகுதி.
முஸம்மில் நானா பேனையை நாக்கில் தொட்டு
'கொடி' என்று மட்டும் எழுதினார்.
"அதுகள் மவுத்தாப் பெய்த்தா மிஸ்?"
இன்னும் இல்லை என்றேன்.

இடித்து, மெதனோலில் மூன்று நாள் ஊறவைத்து,
வடித்து, வற்றவைத்தால்
குப்பியின் அடியில் ஒட்டிய பிசின்.
அதைவிட அதிகம் என் நகக்கண்ணில்.
வெள்ளவத்தைக் கடையில் இடியப்பம் வைத்த பொடியன்
"வீட்டில கலியாணமோ அக்கா?" என்றான்.

பள்ளிக்கூடத்தில் அவற்றைக் கலங்கள் என்று படித்தோம்.
ஐந்தாம் மாடி ஜன்னலில் தெரியும்
துறைமுகத்தில் நிற்பவையும் கலங்கள்தான்.
பிளாஸ்டிக் தரையில் ஒட்டிப் பிடித்து,
இடம் தீர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்றேறி,
நிறுத்தத் தெரியாமல் பெருகும்
பெருங்குடல் புற்றின் கலங்கள்.
சாகும்போது நங்கூரம் கழன்று
உருண்டையாகி மிதக்கும்.

குப்பியில் ஓர் எண் மட்டும்.
அறுபது வருடத்துக்கு முன்
கடலுக்கு அப்பால் நாற்பத்துநாலு வயதுப் பெண்ணொருத்தியின்
வயிற்றிலிருந்து எடுத்தது.
அவள் போய்விட்டாள்.
அவளைக் கொன்றது
கின்சி ரோட்டில் முப்பத்தேழு பாகையில்
நான் ஊட்டும் இளஞ்சிவப்புத் திரவத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது.
வருகிற மாதம் எனக்கும் நாற்பத்துநாலு.
போன புதன் மின்சாரம் நின்றது.
ஜெனரேட்டர் இருமி எழும்பும்வரை
அதன் உயிருக்காக நான் மூச்சைப் பிடித்திருந்தேன்.
இதை யாரிடமும் சொல்லவில்லை.

தொண்ணூற்றாறு குழிகள்.
நிரைநிரையாக மரமஞ்சள் சாறு, பாதி, பாதியின் பாதி.
இரண்டு நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயம்.
உயிரோடிருக்கும் கலம் அதைத் தின்று
மங்குஸ்தான் தோல் ஊதாவாக்கும்.
செத்த கலத்துக்குப் பசியில்லை,
மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும்.

வெள்ளிக்கிழமை
இடப்பக்கம் நான்கு நிரை மஞ்சள்.
சாறே மஞ்சள்தானே என்ற சந்தேகத்தில்
கலமில்லாத குழிகளைக் கழித்துப் பார்த்தேன்.
உண்மையாகவே செத்திருந்தன.
நிலுகா என் தோளில் அடித்தாள், கேக் வாங்குவோம் என்றாள்.
திங்கட்கிழமை,
நோயில்லாத கலங்களிலும் அதே அளவை ஊற்றினேன்.
அவற்றிலும் பாதி மிதந்தன.
கேக் வாங்கவில்லை.
தட்டில் எதைத்தான் கொல்ல முடியாது?
கழிவறை கழுவும் திரவமும் கொல்லும்.

நான்காம் தடவை கடையில் மகன் இருந்தான்.
நானா உள்ளே, சாக்குகளின் நடுவே, கதிரையில்.
சட்டையைத் தூக்கிக் காட்டினார்.
வயிற்றில் ஒட்டிய பை.
"எனக்கும் அங்கதான் மிஸ். செவ்வாய்க்குச் செவ்வாய்
நூற்று முப்பத்தெட்டில மஹரகமைக்குப் போறன்.
சுபஹுக்குப் பொறகு இதையும் அவிச்சுக் குடிக்கிறன்.
ஒங்களுக்குத்தானே தெரியும். குடிக்கட்டா?"

நான் குழிகளைப் பற்றிச் சொன்னேன்.
நல்லதும் சேர்ந்து செத்ததைச் சொன்னேன்.
குடித்தால் குடல் உறிஞ்சுவது சொற்பம்,
இரத்தத்துக்கு என் அளவு வந்துசேராது என்றேன்.
டாக்டரிடம் காட்டாமல் குடிக்க வேண்டாம்,
செவ்வாயைத் தவற விட வேண்டாம்.

அவர் தராசுத் தட்டைத் துடைத்தார்.
"உறிஞ்சாட்டி அந்தப் பாதையாலதானே மிஸ் போவும்,
நோய் இருக்கிற பாதையால?"

நான்கு வருடம், இரண்டு ஆய்வுக் கட்டுரை,
ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி.
பதில் தெரியாது என்றேன்.
தேடிப் பார்க்கலாம் என்றேன்.

"பாருங்க," என்றார். பையைத் தட்டிச் சிரித்தார்,
"எனக்கு அந்தப் பாதை இப்ப பூட்டு."

கால் கிலோவுக்கு மேல் ஒரு துண்டை வைத்தார்.
பில்லில் இம்முறையும் 'கொடி'.

இன்று செவ்வாய்.
சாறு வடிந்துகொண்டிருக்கிறது, ஒவ்வொரு துளியாக.
காலையிலிருந்து மழை.
நூற்று முப்பத்தெட்டில் இந்நேரம் சனம் நெரியும்.
பையைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறாரா,
யாராவது எழும்பி இடம் கொடுத்தார்களா.