வழி விடுதல்

செவ்வாய்க்கிழமை எனக்கு ஓய்வு.
கல்குடாவில் ஹோட்டல்காரர் பனைகளுக்கிடையே வெட்டிய
ஒன்பது குழி கொல்ஃப் மைதானத்தில்
அன்றைக்கு ஊர்க்காரருக்குப் பாதிக் கட்டணம்.
டிஸ்பென்சர் இஸ்ஸதீன் கூப்பிட்டான், போனேன்.
அம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு
நின்று நின்று ஆடும் ஆட்டம் சரிவருமா என்று
வீட்டில் சிரித்தார்கள்.

முதல் குழியிலேயே ஹில்மியா சொல்லிவிட்டாள்,
மைதானத்தின் நேரம் அவள் கையில்:
“அடிக்கிற ஆள் அடிச்சு முடியும்வரை கதைக்கப்படாது.
உங்கட நிழல்கூட
அவர்ர பந்து போற பாதையில விழப்படாது.”

நிழலுக்கும் ஒழுக்கம் உண்டென்று
நாற்பத்தாறு வயதில் தெரிந்தது.
பின்னேரம் நாலரைக்கு என் நிழல் ஒரு வடலி நீளம்.
எங்கே கொண்டுபோய் வைப்பது அதை?

ஒத்திகை வீச்சு ஒன்று போதுமாம்.
நான் ஏழு வீசினேன்.
எட்டாவதில் புல் பறந்தது, பந்து இருந்தது.
பறந்த புல்லைப் பொறுக்கி வந்து
பெயர்ந்த இடத்தில் வைத்து மிதித்தேன்.
தையல் போட்ட காயம் போலிருந்தது.

மணற்பள்ளத்துக்கு இவர்களும் பங்கர் என்றுதான் சொல்கிறார்கள்.
எங்கள் பங்கரில் இறங்கினால் தப்பினோம்,
இதில் இறங்கினால் தொலைந்தோம்.
ஏறும்போது வாரியால் தடத்தை அழிக்க வேண்டும்,
அடுத்தவர் பந்து என் குதிக்கால் குழியில் விழாதபடி.
பின்பக்கமாக நடந்து, ஒரு விரல் தடமும் மிஞ்சாமல்
அழித்தேன்.
எங்கே பழகினாய் என்று
இஸ்ஸதீன் கேட்கவில்லை.

ஐந்தாவது குழியில் பந்து தாழம்பற்றைக்குள் போனது.
தேடுவதற்கு மூன்று நிமிடம், அதற்கு மேல் இல்லை.
மூன்று நிமிடம் எனக்குத் தெரியும்:
வீதி வெறுமையென்றால்
பேத்தாழையிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்.
ஒருமுறை அதற்குள் ஒரு பிள்ளை பிறந்தது.
இங்கே ஒரு நண்டு, ஒரு சோடா மூடி,
யாரோ தொலைத்த வேறொரு பந்து.

நிமிர்ந்தால்
பின்னால் நாலு பேர் மட்டையில் சாய்ந்து நிற்கிறார்கள்.
ஹோர்ன் இல்லை, விளக்கு வெட்டுதல் இல்லை.
நிற்கிறார்கள், அவ்வளவுதான்.
“கையைக் காட்டு, முன்னால போகட்டும்” என்றான் இஸ்ஸதீன்.

இருபத்தொரு வருடம்
எல்லாமே எனக்கு ஒதுங்கிப் பார்த்தவன்:
பஸ், மீன் லொறி, கல்யாண ஊர்வலம்.
ஒதுங்குகிற விதம் கைக்குத் தெரியவில்லை.
நீதிமன்றத்தில் சத்தியம் செய்பவன் போலத் தூக்கினேன்.
நாலு பந்து எங்களைக் கடந்தது.
நாலு பேரும் தொப்பியில் விரல் வைத்துப் போனார்கள்.
கடைசிப் பெண், வங்கியில் கண்ட முகம்,
நன்றி அண்ணன் என்றாள்.

ஏழாவதில் அவர்களைப் பிடித்துவிட்டோம்.
பச்சையின் நடுவே பதினொரு மாடுகள்
படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன.
ஹில்மியாவின் நேரம் அவற்றிடம் செல்லவில்லை.

புதன் இரவு, கும்புறுமூலை தாண்டி,
வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று
சைரன் கேட்டு வயல் ஓரம் சரிந்து நின்றது.
கடக்கும்போது
ஸ்டியரிங்கிலிருந்து கையெடுத்து உயர்த்தினேன்.
இருட்டு. அவன் கண்டிருக்க மாட்டான்.

“தெரிஞ்ச ஆளா?” என்றான்
பின்னாலிருந்து நோயாளியின் மகன்.